கட்டணம் இல்லாத வானொலி யாருக்குப் பதில் சொல்லும்?

பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. பிரான்சில் வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் பொது ஒலிபரப்புக்காக ஆண்டுக்கு 138 யூரோ கட்டி வந்தார்கள். 2022ல் அதை ரத்து செய்தார்கள். ஜெர்மனியில் இன்னும் வீட்டுக்கு வீடு வசூல் உண்டு, டிவி இல்லாவிட்டாலும். இதைச் சொன்னால் நம் ஊரில் பலரும் "நல்லவேளை, நமக்கு அந்தத் தொல்லை இல்லை" என்கிறார்கள். அந்த நிம்மதியை என்னால் ஏற்க முடியவில்லை.

வானொலி, டிவி வைத்திருக்க நமக்கும் லைசென்ஸ் இருந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்தச் சின்னப் புத்தகம் இன்றும் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வில்லைகள், அவற்றின் மேல் தபால் நிலைய முத்திரை. 1980களின் நடுவில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து சோதிக்கும் காலம் திரும்ப வேண்டாம். ஆனால், "காசு கொடுத்தவன் கேட்கிறேன், பதில் சொல்" என்று நிற்கும் உரிமையும் அதோடு போயிற்று.

வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. பெயர் தன்னாட்சி அமைப்பு. ஊழியர் சம்பளமோ மத்திய அரசின் மானியத்தில். டெல்லியில் எந்தக் கட்சி இருந்தாலும், படியளக்கிறவர் முகம் கோணாதபடிதான் செய்தி வாசிக்கப்படுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அமைப்பே அப்படி.

அது கெட்டால் நமக்கென்ன என்பவர்கள் 'தானே' புயலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கேபிள் இல்லை, செல்போனும் செத்துவிட்டது. சித்தப்பா தன் பெட்டிக்கடைப் பலகையில் டிரான்சிஸ்டரை வைத்துவிடுவார். செய்தி நேரத்துக்கு ஊரே அதைச் சுற்றி நிற்கும். எந்தச் சாலை திறந்தது, நிவாரணம் என்ன அறிவித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டி சொல்லித்தான் தெரியும். பாட்டரி தீர்ந்துவிடுமே என்று பாட்டு வந்ததும் அணைத்துவிடுவார். தனியார் சேனல்களுக்குக் கடலூர் என்றால் வெள்ளம்தான். தண்ணீர் வடிந்ததும் கேமராவும் போய்விடும். தேவனாம்பட்டினத்து மீனவருக்குத் தினமும் கடல்நிலை சொல்வதில் விளம்பர வருமானம் ஏது?

புதிய கட்டணமே தேவையில்லை. கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் நாம் கொடுப்பதில் ஏற்கெனவே 18 சதவீதம் ஜிஎஸ்டி போகிறது. அதில் ஒரு பங்கைப் பொது ஒலிபரப்புக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அமைச்சகம் நினைத்தால் குறைக்கலாம், நிறுத்தலாம் என்ற நிலை கூடாது. கணக்கு நாடாளுமன்றத்துக்கு வரட்டும். பிரான்சும் கட்டணத்தை நீக்கியபின் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பங்கைத்தான் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் 1967 முதல் இயங்கும் புதுச்சேரி வானொலி போன்ற நிலையங்களுக்கு இவ்வளவு என்று தனியாகப் பிரித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் டெல்லியிலேயே கரைந்துவிடும்.

கையில் இருக்கும் கயிற்றை எந்த அரசு தானாக விடும் என்று கேட்பீர்கள். விடாது, நாம்தான் கேட்க வேண்டும். கடலூர், புதுச்சேரி மக்களவை உறுப்பினர்கள் இருவருக்கும் இந்த வாரம் கடிதம் அனுப்புகிறேன். ஒத்த கருத்துள்ளவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள்.