பகிர்வால் மட்டும் வேகம் வராது

கணினியை வேகப்படுத்துவது பற்றிய கட்டுரையொன்றில், வன்தட்டை நான்கு பகிர்வுகளாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்தாலே கணினி வேகம் பெற்றுவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். சுழலும் தட்டின் வெளிவிளிம்புத் தடங்களில் உட்புறத் தடங்களைவிட அதிக செக்டார்கள் (தரவு பதியும் சிறு பிரிவுகள்) அடங்குவதால் ஒரே சுற்றில் அங்கே கூடுதல் தரவைப் படிக்க முடிகிறது. முதல் பகிர்வு பெரும்பாலும் அந்த வெளிப்பகுதியில் அமைவதால் இயங்குதளத்தை அதில் வைப்பதற்குப் பொருள் உண்டு. ஆனால், நினைவகம் போதாதபோது இயங்குதளம் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பை அதே தட்டின் கடைசிப் பகிர்வில் கொண்டுபோய் வைத்தால், படிக்கும் முனை இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடியே நேரத்தைத் தின்றுவிடும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகிறது. சராசரியாக அதில் பாதி காத்திருப்பிலேயே கழியும், முனை நகரும் நேரம் தனி. என் பழைய கணினியில் ஒரு பகிர்விலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது எழும் கரகர ஒலியே இதற்குச் சாட்சி.

பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை ரெய்டு. அதில் ரெய்டு 0 அமைப்பில் தரவு துண்டுகளாகி இரு வன்தட்டுகளிலும் பரவுவதால் பெரிய கோப்புகள் விரைந்து வருவது உண்மையே. எனினும், ஒரு வன்தட்டு பழுதானால் அத்தனையும் போய்விடும் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்திருக்கக் கூடாது. ரெய்டு 5-இல் சிறிய மாற்றம் ஒன்றை எழுதுவதற்குக்கூடப் பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் (ஒரு வன்தட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் கணக்கீட்டுத் தகவல்) படித்து, பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டியிருப்பதால் ஒரு வேலை நான்காகிறது. அடிக்கடி எழுதப்படும் தரவுத்தளங்களுக்குப் தரவை நகலெடுத்தும் துண்டுகளாகப் பரப்பியும் வைக்கும் ரெய்டு 10-ஐப் பலர் நாடுவது இதனால்தான். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நகரும் முனையே இல்லாததால், வெளிவிளிம்பு பற்றிய இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.