கூட ஒன்று, குறைய ஒன்று: எல்லாம் நேர்கோடு அல்ல

“ஒன்று கூட மற்றது குறைந்தால் வரைபு இறங்கும் நேர்கோடுதான்” என்று நினைப்பது பிழை, தம்பி. வன்னியில் ஒரு தோட்டத்துக் கணக்கை எடுங்கோ: 12,000 லீற்றர்த் தொட்டி. பம்ப் நிமிடத்துக்கு 100 லீற்றர் இறைத்தால் நிரம்ப 120 நிமிடம். 200 என்றால் 60, 300க்கு 40, 400க்கு 30. குறைவு 60, 20, 10, சமமில்லை. பம்ப் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் மட்டும் எப்பவும் 12,000. இது நேர்மாறு விகிதசமம், வரைபு அதிபரவளைவு (hyperbola) எனும் வளைகோடு. அச்சுகளைத் தொடவே தொடாது.

பிள்ளைகள் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் அடிமட்டம் வைத்துத் தொடுப்பதுதான் பெரிய சிக்கல். அந்தக் கோடு 200இல் 90 நிமிடம் காட்டும், 500இல் பூச்சியம்! 500க்குச் சரியான விடை 24 நிமிடம். நாலைந்து புள்ளி குறித்து, கையால் ஒப்பமாக வளைத்துக் கீறச் சொல்லுங்கோ.

பம்ப் வேகம் மாறாதபோது, நிரம்ப மிச்சமுள்ள லீற்றரை நேரத்துக்கு எதிரே குறித்தாலோ இறங்கும் நேர்கோடு வரும்.