ரெண்டடி உயரத்துக்கு ஆறடி சாய்தளமாம்!

அந்தச் சாய்தளத்தைக் கட்டின ஆள் யாருன்னு தெரிஞ்சா, ஒரே ஒருவாட்டி அவரைச் சக்கர நாற்காலியில உக்கார வச்சு ஏறச் சொல்லோணும். யாரும் பின்னாடி தள்ளக் கூடாது. பாதி தூரத்துல முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எந்திரிக்கும். வயித்தைக் கலக்கும் பாருங்க, அப்பத் தெரியும்.

போன வாரம் எங்கண்ணனைக் கூட்டிட்டு ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்லை. சொன்னா அந்த ஒரு கட்டடத்தோட பிரச்சினை மாதிரி ஆயிரும். அண்ணன் 2014ல தென்னை மரத்துல இருந்து விழுந்தவரு. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டியதில்லை. முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லை. கை ரெண்டும் நல்லா இருக்கு. வீட்டுலயே உக்காந்து கிணத்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுத்திக் காயில் கட்டுறாரு. எங்க குடும்பம் அதுலதான் ஓடுது.

ஆபீஸ் வாசல்ல நாலு படி, படிக்கு அரையடி. ஆக ரெண்டடி உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டுங்கறதுதான் சாய்தளத்துக்கு விதி. ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேணும். ரெண்டடிக்கு 24 அடி, நடுவுல மூச்சு வாங்க ஒரு சமதளம். அங்க இருந்தது ஆறே அடி! அதுக்கு மேல கண்ணாடி மாதிரி வழுக்குற டைல்ஸ். கீழ குறுக்க ஒரு புல்லட் வண்டி நிக்குது. மேல ஏறினதும் நிக்க இடமில்லாம நேரா கதவு, அதுவும் வெளிப்பக்கமாத் திறக்குது.

நான் ஒருத்தி எப்படித் தள்ளுறது? ரெண்டு பேரு ஓடி வந்தாங்க. நல்ல மனசுதான், இல்லைங்கல. ஆனா ஒருத்தரு நாற்காலியோட கைப்பிடியைப் புடிச்சுத் தூக்க, அது கழட்டுற மாதிரி கைப்பிடி, அப்படியே கையோட வந்துருச்சு. அண்ணன் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டாரு. "தொடறதுக்கு முன்னால என்னையக் கேளுங்க சாமி"ன்னு அவரு சொன்ன குரல் இன்னும் காதுல நிக்குது. உள்ள போனா சீட்டுல உக்காந்திருந்த அம்மா அண்ணன் மூஞ்சியைப் பாக்காம என்னையக் கேக்குறாங்க: "இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா?" முடி மாதிரி செம்புக் கம்பியை ஒரு சுத்து பிசகாமச் சுத்துற கைங்க அது!

கோயமுத்தூர்ப் பட்டறைகள்ல அளவு ஒரு நூல் கூடிப்போச்சுன்னா செஞ்ச சாமானைத் தூக்கிக் கடாசிருவாங்க. பம்புசெட்டு, மில் மெசினுன்னு ஊரு உலகத்துக்கெல்லாம் அளந்து அளந்து செஞ்சு அனுப்புற பூமி இது. இங்க ஒரு சாய்தளத்துக்கு டேப் வச்சு அளக்க ஆளில்லையா? எங்க வீட்டுத் திண்ணை ஓரடி உயரம். எங்கூர்க் கொத்தனாரு எந்தக் காலேஜுக்கும் போகாதவரு. தண்ணி டியூப்பை வச்சு மட்டம் பாத்தாரு. மொதல்ல பலகையைப் போட்டு, "ஏறிப் பாருங்க தம்பி"ன்னு அண்ணனையே ஏற வச்சாரு. ஒருவாட்டி இல்லை, மூணுவாட்டி பலகையை நீட்டிப் போட்டு நீட்டிப் போட்டுப் பாத்துட்டுத்தான் கயிறு கட்டினாரு. அளந்து பாத்தா சரியாப் பன்னிரண்டடி! மேல சொரசொரன்னு சிமெண்ட்டு. அவ்வளவுதான் வித்தை. ஓட்டப் போறவனைக் கேட்டுக் கட்டினாரு.

சட்டம் இல்லைன்னு யாரும் சொல்ல வேண்டாம். 2016லயே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தாச்சு. விதிப்படி கட்டலைன்னா கட்டி முடிச்சதுக்கான சான்றே குடுக்கக் கூடாதுன்னு 44ஆவது பிரிவு சொல்லுது. பழைய பொதுக் கட்டடங்களை 5 வருசத்துல மாத்தோணும்னு 45ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். அப்ப கெடு 2022லயே முடிஞ்சு போச்சு. ராஜீவ் ரதூரிங்கற பார்வையற்ற ஒருத்தரு 2005ல போட்ட வழக்குல, 2024 நவம்பர் 8ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னுச்சு: வெறும் ஆலோசனையா எழுதி வச்ச விதி சட்டத்துக்குப் பொருந்தாது, கட்டாயமாக்கிப் புதுசா மூணு மாசத்துல எழுதுங்கன்னு. ஒரு மனுசன் 19 வருசம் வழக்கு நடத்தித்தான் "கட்டாயம்"ங்கற ஒரு வார்த்தையை வாங்கோணுமா?

நாற்காலி விசயமும் இதே கதைதான். மாற்றுத்திறனாளிகள் முகாம்ல குடுத்தது ஒரே சைஸ் சக்கர நாற்காலி. குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும் அதேதான். அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் கையை விடுற அளவுக்கு இடம். உடம்பு ஒரு பக்கமாச் சாய, ரெக்சின் தொட்டில் மாதிரித் தொங்க, உணர்ச்சி இல்லாத இடத்துல புண்ணு வந்துருச்சு. ஆற நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் குப்புறப் படுத்தே கெடந்தாரு, காயில் வேலை போச்சு. அடியில போட ஒரு நல்ல மெத்தை வேணும், அடிக்கடி கையை ஊனி உடம்பைத் தூக்கிக்கோணும்னு குடுத்த அன்னைக்கு ஒருத்தராவது சொல்லியிருந்தா இது வந்திருக்குமா? போட்டோ எடுக்க நேரம் இருந்துச்சு, இடுப்பளவு எடுக்க நேரம் இல்லை. ஒரு சட்டை தைக்கக்கூட அளவெடுக்குறோமுங்க!

அந்த ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிக் கழிப்பறை இருக்கு. கதவுல நீலப் படம் ஒட்டியிருக்கு, பூட்டும் தொங்குது. சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் டீக்கடையில. தேடிப் புடிச்சுத் திறக்கச் சொன்னா உள்ள சீமாறு, பினாயில் கேன், ஒடைஞ்ச நாற்காலிக. சுவத்துல புடிச்சுக்கறதுக்குன்னு மாட்டின கம்பியில ஈரத் துணி காயுது. "யாரும் வர்றதில்லீங்க, அதான்"னு சொல்றாரு. வர முடியாத மாதிரிக் கட்டிட்டு யாரும் வர்றதில்லைன்னா என்னங்க ஞாயம்?

இத்தனைக்கும் அன்னைக்கு வேலை முடியல. அதிகாரி லீவு. வர்ற புதன்கிழமை மறுபடியும் போகோணும். புல்லட்டை நகத்தச் சொல்லி, சாய்தளத்தை மாத்தச் சொல்லி நான் மனு எழுதிட்டிருக்கேன். "அம்மிணி, அதைய எழுது, விட்றாத"ன்னு அண்ணனும் சொல்லிட்டாரு. ஆனா செவ்வாய்க்கிழமை பொழுது சாயறப்பவே அவரு தண்ணி குடிக்கறதை நிறுத்திருவாரு.