ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸ் ரெண்டடியே இல்லைங்க!

இன்னிக்கு மூணாவது தடவையா அதே டைல்ஸ் கடை. மூணாவது தடவையும் அதே பதில். "ரெண்டுக்கு ரெண்டு சார், பெட்டிக்கு நாலு, பதினாறு சதுர அடி. ஊரெல்லாம் இப்படித்தான் கொடுக்குறாங்க."

ஊரே தப்பா கொடுத்தா தப்பு சரியாயிடுமா?

ஹால் 20க்கு 12. 240 சதுர அடி. பதினாறால வகுத்து 15 பெட்டின்னு கால்குலேட்டர்ல தட்டிக் காட்டினதே அந்த ஆளுதான். வேஸ்டேஜுக்கு ஒண்ணு சேர்த்துக்கட்டுமான்னு கேட்டேன். "ஹால் கரெக்டா ரெண்டால வகுபடுது, ஒரு கல்லுகூட வெட்ட வேண்டாம்"னு சொன்னார். நேத்து சாயங்காலம் மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டுறார். அறுபது கல்லும் போட்டாச்சு. ஒரு சுவரோரம் மூணு இன்ச், இன்னொரு சுவரோரம் ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி, நீளத்துக்கும் வெறும் சிமெண்ட் தரை. சுவரடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் பட்டை வச்சாலும் மூடாது.

பெட்டியைத் திருப்பினா அதுலயே அச்சடிச்சிருக்கு: 600க்கு 600 மி.மீ., 4 கல், 1.44 சதுர மீட்டர். ரெண்டடின்னா 609.6 மில்லிமீட்டர்! ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி. பெருக்கிப் பாருங்க, பெட்டிக்குப் பதினஞ்சரைதான் வருது. 15 பெட்டிக்கு ஏழரை சதுர அடி காணோம். காணாமப்போன ஏழரைக்கும் 52 ரூபாய் வீதம் 390 ரூபாய் வாங்கிட்டாங்க.

"ஒரு சென்டிமீட்டர்கூட குறையல, இதுக்குப் போய்..."ங்கிறார். ஐயா, நீங்க முழம் போட்டு பூவா விக்கிறீங்க? காசு வாங்குறது பரப்புக்கு. நீளத்துலயும் குறையுது, அகலத்துலயும் குறையுது. பக்கத்துல ஒன்றரை சதவீதம் போனா பரப்புல மூணு சதவீதம் போயிடும். சதுர அடியில வியாபாரம் பண்றவருக்கு இது தெரியாதா?

இப்போ இன்னொரு பெட்டி வாங்கணும். அந்த பேட்ச் தீர்ந்துபோச்சு. புதுப் பெட்டிக் கல்லு வெளுத்துத் தெரியுது. "சோபா போட்டா தெரியாது சார்"ங்கிறார்.

வயிறெரிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல பெயிண்டர். கதவு, ஜன்னல் எதையும் கழிக்காம சுவரை முழுசா அளந்து சதுர அடிக்குக் கூலி கேக்குறார். ஏழுக்கு மூணு வாசக்கால், இருபத்தோரு சதுர அடி. அந்த ஓட்டையில எந்த பெயிண்டைய்யா அடிச்சே?