அந்தக் கொடியை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

முஸ்லிம் லீக் கொடியைக் கண்டதும் "ஐயோ, பாகிஸ்தான் கொடி!" என்று அலறுகிறவர்களுக்கு முதலில் ஒரு சின்ன வேலை. இரண்டு கொடிகளின் படத்தையும் கைப்பேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். கொடியின் நீளத்தில் கால் பங்கு அதற்கே போய்விடும். மிச்சமெல்லாம் கரும்பச்சை, அதன் நடுவில் பிறையும் நட்சத்திரமும். கேரளத்தில் காங்கிரஸின் கூட்டணிக் கட்சியான இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் கொடியில் அந்த வெள்ளைப் பட்டையே கிடையாது. முழுக்கப் பச்சை, இடது மேல் மூலையில் பிறையும் நட்சத்திரமும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். தொலைக்காட்சி நிலையங்களில் அந்த அரை நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை.

2019 ஏப்ரல் மாதம் நினைவிருக்கும். ராகுல் காந்தி வயநாட்டில் மனுத்தாக்கல் செய்யக் கல்பற்றாவுக்கு வந்தார். ஊர்வலத்தில் காங்கிரஸ் கொடிகளோடு லீக்கின் பச்சைக் கொடிகளும் வந்தன. கூட்டணிக் கட்சி, வராமல் என்ன செய்யும்? வாட்ஸ்அப்பில் "ராகுல் ஊர்வலத்தில் பாகிஸ்தான் கொடி" என்று படங்கள் பறந்தன. அடுத்த சில நாட்களில், அப்போது பா.ஜ.க. தலைவராக இருந்த அமித் ஷா நாக்பூர் கூட்டத்தில், அந்த ஊர்வலம் நடந்தது இந்தியாவிலா பாகிஸ்தானிலா என்றே தெரியவில்லை என்ற பொருளில் பேசினார். யோகி ஆதித்யநாத் ஒரு படி மேலே போய் முஸ்லிம் லீக்கையே வைரஸ் என்றார். வாட்ஸ்அப் மாமாக்களை விடுங்கள். நாட்டின் ஆளுங்கட்சித் தலைவருக்கு, நாடாளுமன்றத்தில் பல பத்தாண்டுகளாக உறுப்பினர்களை வைத்திருக்கும் ஒரு கட்சியின் கொடி தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தே பேசியதுதான்.

சரி, இரண்டும் ஒன்றுபோல் இருப்பது உண்மைதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஏன் அப்படி இருக்கிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

1906 டிசம்பரில் டாக்காவில் தொடங்கிய அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கொடி, பச்சைத் துணியில் நடுவே வெள்ளைப் பிறையும் நட்சத்திரமும். பாகிஸ்தான் என்று ஒரு நாடு பிறந்தபோது இதை அடிப்படையாக வைத்துத்தான் அதன் தேசியக் கொடியைச் செய்தார்கள். 1947 ஆகஸ்ட் 11 அன்று கராச்சியில் அரசியல் நிர்ணய சபையில், பாகிஸ்தானின் முதல் பிரதமரான லியாகத் அலி கான் அந்தக் கொடியை முன்வைத்தார். அங்கே இருந்த காங்கிரஸ்காரர்கள், பெரும்பாலும் இந்து உறுப்பினர்கள், சும்மா இருக்கவில்லை. இது முஸ்லிம் லீக் கொடி மாதிரியே இருக்கிறதே, ஒரு குழு அமைத்து எல்லோரையும் கலந்து முடிவு செய்யலாமே என்று கேட்டார்கள். இது எந்த ஒரு கட்சிக்கோ சமூகத்துக்கோ சொந்தமான கொடி இல்லை என்று லியாகத் பதில் சொன்னார். சிறுபான்மையினரைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அந்த வெள்ளைப் பட்டைதான் கட்சிக் கொடிக்கும் நாட்டுக் கொடிக்கும் இடையே புதிதாக வந்து சேர்ந்தது. குழு எதுவும் அமைக்கவில்லை. கொடி அன்றே நிறைவேறியது.

ஆக, முதலில் இருந்தது கட்சிக் கொடி, நாட்டுக் கொடி பிறகு வந்தது. பேரனின் முகச்சாடை தாத்தாவிடம் தெரிகிறது என்று தாத்தாவைப் பிடித்து விசாரிக்கிற கதைதான் இங்கே நடக்கிறது.

இந்தியாவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான், நாம்தான் யோசிப்பதில்லை. நம் மூவர்ணக் கொடி எங்கிருந்து வந்தது? காங்கிரஸ் ஏந்திய ராட்டைக் கொடியிலிருந்து. ராட்டையை எடுத்துவிட்டு அசோகச் சக்கரம் வைத்து 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றது. காங்கிரஸ் இன்றும் அதே மூவர்ணத்தில் கை சின்னத்தைப் போட்டுக் கட்சிக் கொடியாக வைத்திருக்கிறது. ஒரு கட்சி தேசியக் கொடி மாதிரியே கொடி வைத்திருக்கலாமா என்று அவ்வப்போது யாராவது முணுமுணுப்பார்கள், அதோடு சரி. அதற்காகக் காங்கிரஸ்காரர்களை யாரும் வேறு நாட்டுக்குப் போகச் சொல்வதில்லை.

போகிறபோக்கில் ஒன்று. ஜூலை 22 அன்று டெல்லியில் மூவர்ணக் கொடித் தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் முஸ்லிம் லீக்கின் சௌத்ரி கலீக்குஸ்ஸமானும் ஒருவர். கொஞ்ச நாளில் அவர் கராச்சிக்குப் போய் பாகிஸ்தான் முஸ்லிம் லீக்கின் தலைவரே ஆகிவிட்டார். போனவர் போனார். போகாமல் இங்கேயே இருந்தவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தது.

1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் கராச்சியில் கூடி, கட்சியை இரண்டாகப் பிரித்தது. அந்தப் பக்கத்துக்கு அமைப்பாளர் லியாகத். இந்தப் பக்கத்துக்கு நம்ம திருநெல்வேலி பேட்டையைச் சேர்ந்த முகம்மது இஸ்மாயில், பின்னாளில் எல்லோரும் காயிதே மில்லத் என்று அழைத்தவர். அப்போதிருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். பிரிவினை ரத்தம் காயவில்லை. லீக் என்ற பெயரைச் சொன்னாலே சந்தேகம். கலைத்துவிடுங்கள், காங்கிரஸில் சேர்ந்துவிடுங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கடி. காங்கிரஸ் தலைவர் மௌலானா ஆசாத் லக்னோவில் மாநாடு கூட்டி அதைத்தான் சொன்னார். வடக்கே இருந்த கட்சி கிட்டத்தட்டக் கரைந்தே போனது. இந்த நிலையில்தான் 1948 மார்ச் 10 அன்று சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் கட்டடத்தில் கூடி, கட்சியைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் பிறந்த ஊர் கேரளத்தின் மலப்புரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சென்னைதான்.

நடுவில் இருந்த பிறை மூலைக்கு நகர்ந்தது தவிர, கொடி அதே கொடி. நம் பக்கத்துக் கட்சிக்காரர்கள் அதைப் 'பச்சிளம் பிறைக்கொடி' என்பார்கள். கட்சியைத் 'தாய்ச்சபை' என்பார்கள். கொஞ்சம் பழைய வாசம் வீசும் சொற்கள்தான், எனக்குப் பிடிக்கும்.

எதிரணி நாட்டின் கொடியைப் பெற்றெடுத்த கொடியை வைத்துக்கொண்டே இந்திய அரசியலில் அடுத்த கால் நூற்றாண்டு காயிதே மில்லத் என்ன செய்தார் என்று பாருங்கள். அரசியல் நிர்ணய சபையில் இந்திய அரசியலமைப்பு உருவானபோது உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். தமிழுக்காக அங்கே வாதாடினார். 1962, 1967, 1971 என்று மூன்று முறை கேரளத்தின் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 1972-ல் அவர் இறந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடக்கமானார். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் உருவானபோது அதற்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று பிறகு முடிவானபோது, மற்றப் பெயர்களோடு அதுவும் போனது. இப்படிப்பட்ட ஒருவர் தலைக்கு மேல் பறந்த கொடிக்கு இன்று கல்பற்றாவில் தேசபக்திச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

பிறை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வழக்கே நடந்திருக்கிறது. 2018-ல் உத்தரப் பிரதேச ஷியா வக்ஃப் வாரியத்தின் அப்போதைய தலைவர் வசீம் ரிஸ்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிறையும் நட்சத்திரமும் போட்ட பச்சைக் கொடிக்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை, அது முஸ்லிம் லீக் கொடி, எனவே தடை செய்யுங்கள் என்பது மனு. நீதிமன்றம் மத்திய அரசின் கருத்தைக் கேட்டது. அவர் சொன்னதில் பாதி சரி. பிறை-நட்சத்திரம் மார்க்கக் கட்டளை எதிலும் வருவதில்லை. அது பரவியதற்குப் பெரிய காரணம் துருக்கியரின் உதுமானியப் பேரரசு. 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதைக் கொடியில் நிலைநிறுத்தினார்கள். அதற்கும் வெகு முன்பே, இஸ்லாம் தோன்றுவதற்கும் முன்பே, இன்றைய இஸ்தான்புல் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கிரேக்க நகரத்தின் நாணயங்களில் பிறையும் நட்சத்திரமும் இருந்தன. முஸ்லிம் நாடு அல்லாத சிங்கப்பூரின் கொடியிலும் பிறை இருக்கிறது, ஐந்து நட்சத்திரங்களோடு.

ஆனால் மார்க்கத்தில் இல்லை என்பதால் தடை செய் என்பது என்ன வாதம்? அப்படியானால் கட்சிக் கொடிகளில் பாதியை இறக்க வேண்டும். தர்காவில் ஏறும் கொடி, மீலாது ஊர்வலத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ஓடும் காகிதக் கொடி, லீக் கொடி, பாகிஸ்தான் கொடி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பச்சை' என்று பெயர் வைப்பதுதான் இதில் நடக்கும் வேலை.

அதன் விளைவு யார் தலையில் விடிகிறது? 2019 ஆகஸ்ட்டில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் ஒரு கல்லூரித் தேர்தல். லீக்கின் மாணவர் அமைப்பான எம்.எஸ்.எஃப். பையன்கள் பெரிதாக ஒரு கொடி தைத்து ஆட்டினார்கள். பாகிஸ்தான் கொடி என்று காணொளி பரவியது, போலீஸ் மாணவர்கள் மேல் வழக்குப் போட்டது. அது தங்கள் அமைப்பின் கொடிதான் என்று எம்.எஸ்.எஃப். விளக்கிக்கொண்டே இருந்தது. கல்லூரித் தேர்தலில் கத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் காவல் நிலையத்தில் நின்றார்கள்.

இதில் தேர்தல் ஆணையம் ஏதாவது செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கொடி ஆணையத்தின் வேலையே இல்லை. 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி அது ஒதுக்குவது சின்னத்தை மட்டும்தான். 2024-ல் விஜய் கட்சிக் கொடியில் யானை வந்ததும் பகுஜன் சமாஜ் புகார் கொடுத்ததே, கொடிகளுக்கு நாங்கள் ஒப்புதல் கொடுப்பதில்லை என்றுதான் ஆணையம் பதில் சொன்னது. லீக்கின் சின்னம் ஏணி. வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருப்பதும் அந்த ஏணிதான், பிறை இல்லை. தமிழ்நாட்டில் சில தேர்தல்களில் அதுகூட இல்லை. 2004-லும் 2009-லும் வேலூரில் லீக் வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றே ஜெயித்தார்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். 2024 ஏப்ரல் 3. மறுபடியும் கல்பற்றா, மறுபடியும் ராகுல் மனுத்தாக்கல், பெரிய ஊர்வலம். இந்த முறை பச்சைக் கொடி ஒன்றுகூட இல்லை. அது மட்டும் இல்லாவிட்டால் அப்பட்டமாகத் தெரியும் என்பதாலோ என்னவோ, காங்கிரஸ் கொடியும் இல்லை! பலூன்களும் படங்களும் பிடித்துக்கொண்டு போனார்கள். சொந்தக் கொடியைக் காட்டவே பயமா என்று எதிரணியில் நின்ற மார்க்சிஸ்ட் தலைவர் பினராயி விஜயன் கேட்டார். அவர் கேட்டதில் அரசியல் லாபம் இருக்கிறது, தெரியும். கேள்வி சரியான கேள்வி.

கணக்கைப் பாருங்கள். 2021 கேரள சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வென்றது 21 இடம், லீக் வென்றது 15. கூட்டணியின் இரண்டாவது தூண் அது. வயநாடு மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஏறநாட்டில் லீக்கின் சட்டமன்ற உறுப்பினரே இருந்தார். அந்தக் கட்சியின் தொண்டன் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டும், வாக்குச்சாவடியில் நாள் முழுக்க உட்கார வேண்டும், ஊர்வலத்துக்கு ஆள் திரட்ட வேண்டும். கொடியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வட இந்தியாவில் ஓட்டுப் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தால் ஒரு ஓட்டாவது மிஞ்சியதா? கொடியோடு போன 2019-லும் அவதூறு, கொடி இல்லாமல் போன 2024-ல் 'ஏன் ஒளித்தீர்கள்' என்று கேலி. ஒளித்ததால் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அது ஏதோ ஒளிக்க வேண்டிய பொருள் என்று கூட்டணித் தலைமையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அமித் ஷா பேச்சால் வராத கெட்ட பெயரை இது கொண்டுவந்தது.

லீக் தலைமை மேலும் எனக்கு வருத்தம் உண்டு. லீக் தலைவர்களின் குடும்ப ஊரான பாணக்காட்டில் இருக்கிறவர்களுக்குக் கூட்டணி தர்மம் முக்கியம், புரிகிறது. ஆனால் கொடி இல்லாமல் வா என்றால், அப்படியானால் நாங்களும் வரவில்லை என்று ஒரு முறையாவது முரண்டு பிடித்திருக்க வேண்டாமா? 1948-ல் ராஜாஜி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருந்த நெருக்கடியில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கூத்து இல்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். அதே 2024-ல் ராமநாதபுரத்தில் லீக்கின் நவாஸ்கனி ஏணியில் நின்றார். அந்தத் தேர்தலை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஓ. பன்னீர்செல்வத்தின் பலாப்பழச் சின்னத்துக்காகவும், அவருக்கு எதிராக வரிசைகட்டி நின்ற மற்றப் பன்னீர்செல்வங்களுக்காகவும்தான். கருப்பு சிவப்புக்குப் பக்கத்தில் பிறைக்கொடி பறந்ததை யாரும் செய்தியாகவே எழுதவில்லை. ஜெயித்தது அவர்தான்.

"ஏன் வம்பு, கொடியை மாற்றிவிட்டால் என்ன?" என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்கத்தான் போகிறார், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாற்றினால் அடுத்து பெயரில் 'முஸ்லிம்' எதற்கு என்பார்கள். அதையும் மாற்றினால் 'லீக்' எதற்கு என்பார்கள். கிழக்கு வங்காளத்தில் அவாமி முஸ்லிம் லீக் 1955-ல் 'முஸ்லிம்' என்பதை எடுத்தது, தன் அரசியலுக்குத் தேவை என்று தானே முடிவு செய்து எடுத்தது. அது வேறு. பக்கத்து வீட்டுக்காரன் வாட்ஸ்அப்பில் பயப்படுகிறான் என்பதற்காக மாற்றுவது வேறு. பாகிஸ்தான்காரர்கள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும், அவர்கள்தான் பிறகு வந்தவர்கள்.