பழைய வாடகையைச் சொல்லும் ஏஜென்ட்

பெங்களூரில் நாலு தமிழ் ஐ.டி. ஆட்கள் சேர்ந்தால் வாடகை, தண்ணி லாரி, சில்க் போர்டு டிராஃபிக் எல்லாம் புலம்பி முடித்ததும் பேச்சு நமக்காக வேலை செய்து தரும் ஏஐ ஏஜென்ட்டில் வந்து நிற்கிறது. ஏஜென்ட்டுக்கு ஞாபகம் வேண்டும் என்றதும் ஆளுக்கொரு வெக்டர் டேட்டாபேஸ் (எழுதியதை எண்களாக மாற்றி வைத்துத் தேடும் கிடங்கு) பெயரைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடல் தானாக எதையும் நினைவில் வைப்பதில்லை. அதனால் ஏஜென்ட் தனக்கு வேண்டியதைக் குறிப்புகளாக எழுதி வைக்கிறது. அடுத்த கேள்வி வரும்போது பொருத்தமான குறிப்பைத் தேடி எடுத்து மாடலிடம் கொடுக்கிறது. சொல்லை விட்டு அர்த்தத்தைப் பார்க்கும் செமான்டிக் தேடலில் ஒவ்வொரு குறிப்பும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாகிவிடும். கேள்வியும் அப்படியே. எண்களால் எது நெருக்கமோ அதுதான் விடை. ஒரே சொல் இரண்டிலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் ஆட்களுக்கு இது பெரிய வசதி, மறுக்க மாட்டேன். நாம் எழுதும் லட்சணம் அப்படி: ஒரு நாள் 'தண்ணி லாரி', மறுநாள் 'வாட்டர் டேங்கர்', அவசரம் என்றால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்போம். போதாததற்கு வீடு, வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று வேற்றுமை உருபுகள் வேறு. சொல்லைத் தேடும் பழைய முறை இதில் திணறிவிடும். எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் உள்ள எஃப்டிஎஸ்5 என்ற சொல் தேடலை எதையும் மாற்றாமல் தமிழுக்குப் பயன்படுத்திப் பாருங்கள். துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது சொல் முடியும் இடமாக எடுத்துக்கொள்ளும். 'வாடகை' என்பது 'வ', 'டக' என்று உடைந்து கிடக்கும்! குறியீடுகளையும் எழுத்தாகக் கொள்ளச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு, ஆனால் அதை நாமாகத் தேடிப் போய் மாற்ற வேண்டும். செமான்டிக் பக்கம் அப்படியில்லை: வாக்கியத்தை எண்களாக்கும் கூகுளின் லேப்சே மாடல் 2020-இல் வந்தபோதே 109 மொழிகளுக்குப் பயிற்சி பெற்றிருந்தது. அதில் தமிழும் உண்டு. ஆங்கில எழுத்துத் தமிழில்தான் இத்தகைய மாடல்கள் இன்னும் தடுமாறுகின்றன.

சரி, அப்புறம் என்ன குறை? நெருக்கம் என்பது வேறு, உண்மை என்பது வேறு. 'வாடகை 28,000' என்று ஜனவரியில் ஒரு குறிப்பு. 'ஓனர் வாடகையை 31,000 ஆக்கிவிட்டார்' என்று ஜூலையில் இன்னொன்று. 'வாடகை எவ்வளவு?' என்று கேட்டால் இரண்டுமே நெருக்கம்தான். முதல் குறிப்பு சின்னதாக, நேராக இருப்பதால் அதுவே மேலே வந்தாலும் ஆச்சரியமில்லை. எது புதியது என்பது அந்த எண்களுக்குத் தெரியாது. மறுப்பும் அப்படித்தான். 'அப்பாவுக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும்', 'ஒத்துக்கொள்ளாது' என்ற இரண்டு வரிகளும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஃப்ளாட் நம்பர், பில் நம்பர், எரர் கோடு போன்றவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு பொருள். அதற்குச் சொல் தேடலே மேல்.

ஆகவே செமான்டிக் தேடலும் சொல் தேடலும் சேர்ந்து ஓட வேண்டும். சொல் தேடலில் எது மேலே வர வேண்டும் என்று கணக்கிடும் பிஎம்25 என்ற சூத்திரம் 1990-களிலிருந்து இருக்கிறது. அரிதான சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்ற அதன் அடிப்படை யோசனை ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதியது. இரண்டு தேடல்களின் வரிசைகளை ஒன்றாக்க ரெசிப்ரோக்கல் ரேங்க் ஃப்யூஷன் என்ற எளிய கணக்கு 2009-இலேயே வந்துவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

தனியாக வெக்டர் டேட்டாபேஸ் சர்வர் வாடகைக்கு எடுப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 10,000 குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள், எண்ணுக்கு 4 பைட். மொத்தம் சுமார் 31 எம்பி. லேப்டாப் இதை முழுக்க ஒப்பிட்டுவிடும், கண் சிமிட்டும் நேரத்தில். லட்சக்கணக்கில் குறிப்பு சேரும் கம்பெனிக் கதை வேறு. வீட்டுக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் மெஷினை விட்டு வெளியே போகாதது கூடுதல் லாபம்.

உண்மையான வேலை எழுதும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் தேதி வேண்டும், யார் சொன்னது என்று வேண்டும். புதியது வந்தால் ஏஜென்ட் முதலில் பழையதைத் தேடி, அதன்மேல் 'இது மாறிவிட்டது' என்று குறிக்க வேண்டும். இந்த வேலை யாருக்கும் பிடிப்பதில்லை, டெமோவில் காட்ட அதில் ஒன்றுமில்லை. எந்தக் கருவி நல்லது என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள், உங்கள் ஏஜென்ட்டின் குறிப்பு ஃபைலைத் திறந்து போன வருடம் எழுதியதில் இருபது வரியை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.