மறுப்புக்கு எத்தனை பூச்சு

சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், இருவர் வாழும் வீட்டுக்கும் எட்டுப் பேர் வாழும் வீட்டுக்கும் தண்ணீர் லாரிப் பணத்தை ஒரே அளவாக வசூலிப்பது முறையல்ல என்று நான் கணக்கு நோட்டைக் காட்டிச் சொன்னபோது, செயலாளர் எழுந்து, "சார், இதை நான் ரெஃப்யூட் பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார். ரெஃப்யூட் என்றால் ஒரு கூற்றைச் சான்று காட்டிப் பொய்யென நிறுவுவது. வெறுமனே இல்லை என்பதற்கு டினை என்ற சொல் இருக்கிறது. (ஆங்கிலேயரே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.) அடுத்தவர் "வித் டியூ ரெஸ்பெக்ட்" என்று தொடங்கினார், அந்தத் தொடருக்குப் பின் மரியாதை வந்து நான் கண்டதே இல்லை.

ஆர்கியூமென்ட் என்பதற்கு ஆங்கிலத்தில் காரணம் காட்டும் வாதம் என்றும் பொருள் உண்டு; எங்கள் தெருவிலோ அது சண்டையின் மறுபெயர், ஆகவே "ஆர்கியூ பண்ணாதீங்க" என்றால் காரணம் கேட்காதீர்கள் என்றாகிவிடுகிறது.

உடன்படல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவற்றுள் ஒன்றைத் துணிதல் என்றெல்லாம் நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூல் எழுதுவோர் கொள்ளும் நிலைப்பாடுகளை, வகுத்து வைத்திருக்கிறது. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் அன்று வரிசையாக "நோ கமெண்ட்ஸ்" என்றார்கள். என் ஆட்சேபணை மினிட்ஸ் புத்தகத்தில் "டிஸ்கஸ்டு" என்ற ஒற்றைச் சொல்லாகக் கிடக்கிறது. லாரிப் பணம் இம்மாதமும் அதே அளவுதான்.